ஒரு சாலை, எட்டு ஆறுகள்: சுப்பீரியர் ஏரிக்கரையில் மோட்டார்ஹோம் பயணம்

அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றதும் நம்மவர்கள் சொல்லும் பெயர்கள் யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன், யொசெமிட்டி. எல்லாம் நேஷனல் பார்க். போக வேண்டிய இடங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் மினியாபொலிஸ் பக்கம் குடியிருக்கும் நான், ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் கூட்டிப்போக நினைப்பது எங்கள் மின்னசோட்டா மாநிலத்தின் ஸ்டேட் பார்க்குகளுக்கு. அதிலும் குறிப்பாக, டுலூத் நகரத்திலிருந்து கனடா எல்லை வரை சுப்பீரியர் ஏரியின் வடகரையை ஒட்டிப் போகும் 61ஆம் எண் சாலைக்கு.

சாலையின் நீளம் சுமார் 150 மைல். அந்தத் தூரத்துக்குள் எட்டு ஸ்டேட் பார்க்குகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆறு உண்டு. காட்டுக்குள் சதுப்பு நிலங்களில் ஊறி, மேட்டிலிருந்து பாறையை அறுத்துக்கொண்டு இறங்கி, அருவியாக விழுந்து ஏரியில் கலக்கும் எட்டு ஆறுகள். பெரும்பாலானோர் காரில் ஏரியைப் பார்த்தபடியே இந்தச் சாலையைக் கடந்துவிடுகிறார்கள். பாலம் வரும்போது ஒரு கணம் ஆறு தெரியும், அதோடு சரி. நான் சொல்ல வருவது இதுதான்: பாலத்தில் வண்டியை நிறுத்துங்கள், இறங்குங்கள், ஆற்றோடு மேல்நோக்கி நடங்கள். இந்தக் கரையின் கதை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

செப்டம்பர் கடைசியில் மோட்டார்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனோம். நான், கணவர், மகள், ஈரோட்டிலிருந்து வந்திருந்த என் அப்பா. அப்பா பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தின் பெரும்பகுதி கீழ்பவானி வாய்க்காலோடு கழிந்தது. எங்கே தண்ணீரைக் கண்டாலும் எவ்வளவு வருகிறது, எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்ற மூன்றும் தெரியாமல் நகர மாட்டார். இந்தக் கரைக்கு அவரைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் வண்டி

மோட்டார்ஹோமில் மூன்று வகை. பேருந்து அளவுக்கு இருப்பது ஏ வகை. வேனையே வீடாக மாற்றியது பி வகை. நாங்கள் எடுத்தது சி வகை: முன்னால் ஃபோர்டு வேனின் முகப்பு, ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு படுக்கை, பின்னால் அடுப்பு, ஃபிரிட்ஜ், சாப்பாட்டு மேசை, குளியலறை, இன்னொரு படுக்கை. இதை ஓட்ட சாதாரண கார் லைசன்ஸ் போதும். காலனுக்கு 8 முதல் 10 மைல்தான் கொடுக்கும் என்பதால் பெட்ரோலுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

ஓட்டும்போது மனதில் வைக்க வேண்டியவை இரண்டு. பின்சக்கரத்துக்குப் பிறகும் வண்டியின் உடல் வெகுதூரம் நீண்டிருக்கும். வலப்பக்கம் திரும்பினால் வால் இடப்பக்கம் வெளியே வீசும். இரண்டாவது உயரம். பதினொன்று, பன்னிரண்டு அடி இருக்கும் வண்டியைத் தாழ்ந்த கூரைக்கு அடியிலோ சாய்ந்த மரக்கிளைக்கு அடியிலோ விடக் கூடாது. 61ஆம் சாலையில் உள்ள இரண்டு சுரங்கப்பாதைகளிலும் அந்தக் கவலை இல்லை, தாராளமாகப் போகலாம்.

உள்ளே வாழ்வது என்பது தண்ணீரோடு கணக்குப் போட்டு வாழ்வது. வண்டிக்கு அடியில் மூன்று தொட்டிகள். ஒன்றில் நல்ல தண்ணீர். ஒன்றில் குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர். மூன்றாவது கழிவறைக்கு. நல்ல தண்ணீர்த் தொட்டி இந்த அளவு வண்டிகளில் சுமார் 40 காலன், அதாவது 150 லிட்டர். இதைக் கேட்டதும் அப்பா மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

“நாலு பேரு, நூத்தம்பது லிட்டர். ரெண்டு நாளைக்கு வரணும்னா ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்தொம்பது லிட்டர்கூட வராது கண்ணு. முறை வெச்சுத்தான் விடோணும்.”

சொன்னபடியே முறை வைத்தார். பாத்திரங்களைக் காகிதத்தால் துடைத்த பிறகே கழுவுவது, சோப்புப் போடும்போது குழாயை மூடுவது, குளிக்க முடிந்தவரை கேம்ப்கிரவுண்டின் பொதுக் குளியலறைக்குப் போவது. மகள் இரண்டே நாளில் இந்த முறைக்குப் பழகிவிட்டாள். வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கும் குழந்தை, தொட்டியின் அளவு காட்டும் விளக்கை இரவில் சரிபார்த்துவிட்டுத் தூங்கப் போனாள். எத்தனை முறை சொல்லியும் வீட்டில் நடக்காத ஒன்று அது.

மின்சாரமும் அப்படித்தான். கேம்ப்சைட்டில் மின் இணைப்பு இருந்தால் ஏசி, மைக்ரோவேவ் எல்லாம் ஓடும். இல்லாவிட்டால் பேட்டரியை வைத்து விளக்கு, தண்ணீர் மோட்டார், ஹீட்டரின் விசிறி, அவ்வளவுதான். அடுப்பு, ஃபிரிட்ஜ், வெந்நீர் ஆகியவை புரொப்பேன் வாயுவில் ஓடும். வீட்டிலேயே அரைத்துக் கொண்டுபோன மாவும் புளிக்காய்ச்சலும் பொடி வகைகளும் பயணம் முழுக்கச் சோறு போட்டன. கழிவை வெளியேற்றும் வேலையைப் பலர் பயந்து பேசுவார்கள், பயப்பட ஒன்றுமில்லை. கையுறை போட்டுக்கொண்டு, குழாயைப் பொருத்தி, முதலில் கழிவறைத் தொட்டி, அது காலியான பிறகு குளியல் தண்ணீர்த் தொட்டி. இந்த வரிசையில் செய்தால் இரண்டாவது தண்ணீர் குழாயைக் கழுவிவிடும்.

ஸ்டேட் பார்க்குக்கும் மோட்டார்ஹோமுக்கும் உள்ள பொருத்தம் என்னவென்றால், வண்டியை நிறுத்தும் இடத்திலிருந்து சில நிமிட நடையில் ட்ரெயில் தொடங்கிவிடுகிறது. காலையில் காபி குடித்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு நேராகக் காட்டுக்குள் நடக்கலாம். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.

கூஸ்பெரி: கல்லில் எழுதிய சம்பளம்

டுலூத்திலிருந்து போனால் முதலில் வருவது கூஸ்பெரி ஃபால்ஸ். சாலைப் பாலத்துக்கு மேற்புறம் ஓர் அருவி, கீழ்ப்புறம் அடுத்தடுத்து இரண்டு. இங்குள்ள பார்வையாளர் மையம் நெடுஞ்சாலையின் ஓய்விடமாகவும் இருப்பதால், அங்கே வண்டியை நிறுத்தி அருவிகளைப் பார்க்க, மற்ற பார்க்குகளில் வாங்க வேண்டிய வண்டி பெர்மிட் தேவையில்லை. அதனால் கூட்டம் எப்போதும் உண்டு. ஆனால் கூட்டத்தில் பெரும்பகுதி அந்த மூன்று அருவிகளோடு திரும்பிவிடுகிறது. ஆற்றின் முகத்துவாரத்தில் தொடங்கி, பாலத்தைக் கடந்து, மேலே ஐந்தாம் அருவி வரை நடந்தால் ஆறு உங்களுக்கே உங்களுக்கு.

தண்ணீர் நல்ல டிகாக்ஷன் நிறத்தில் இருக்கிறது. அருவிக்கு அடியில் நுரை மிதக்கிறது. அப்பாவின் முகம் சட்டென்று மாறியது. நொய்யலைப் பார்த்தவர் அவர். சாயப்பட்டறைக் கழிவில் நிறம் மாறிய ஆற்றையும் நுரை பொங்கும் தடுப்பணையையும் பார்த்த கண்.

“மேல ஏதாச்சும் ஆலை இருக்குதுங்களா மாப்ள?”

“இல்லைங்க மாமா. மேலே எல்லாம் காடும் சதுப்பும்தான். உதிர்ந்த இலையும் மரப்பட்டையும் பாசியும் ஊறுற சாறு. அந்தத் துவர்ப்புதான் இந்த நிறம், நுரையும் அதனாலதான்.”

அப்பா குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்தார். வாசனை இல்லை. அப்புறம்தான் நடக்கத் தொடங்கினார்.

இந்தப் பார்க்கில் தவறவிடக் கூடாத ஒன்று, சாலையோரம் நிற்கும் நீண்ட கல் தடுப்புச் சுவர். நீளம் 300 அடி. 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் வேலையில்லாமல் நின்ற இளைஞர்களுக்காக அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1933இல் தொடங்கிய சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்ற திட்டத்தில் வந்த பிள்ளைகள் எழுப்பியது. மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக அவரவர் வீட்டுக்குப் போய்விடும். கூஸ்பெரியில் இவர்கள் 1934 முதல் 1941 வரை தங்கி, இத்தாலியக் கல் கொத்தனார்களின் மேற்பார்வையில் சுவரும் கட்டடங்களும் கட்டினார்கள், பாதைகள் போட்டார்கள். சிவப்பு, நீலம், பழுப்பு, கறுப்பு என்று பக்கத்துக் கிரானைட் கற்களைத் தேர்ந்து அடுக்கியிருக்கிறார்கள். அப்பா அந்தச் சுவரோடு மெதுவாக நடந்து ஒவ்வொரு இணைப்பையும் பார்த்தார். “தொண்ணூறு வருசம் ஆச்சுங்கற. ஒரு கல்லு அசையலையே” என்றார். கட்டுமானத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து வரும் உச்சபட்சப் பாராட்டு இது.

ஸ்பிளிட் ராக்: ஒரு புயலுக்குப் பதில்

அடுத்தது ஸ்பிளிட் ராக் கலங்கரை விளக்கம். மின்னசோட்டாவின் இரும்புத் தாதுவை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் இந்த ஏரி வழியாகத்தான் கிழக்கே போகின்றன. சுப்பீரியரை ஏரி என்று சொன்னாலும் கடலுக்குக் கொடுக்கும் மரியாதையைக் கொடுக்க வேண்டும். பரப்பு 82,100 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் அறுபது விழுக்காட்டுக்கும் மேல். ஆழமான இடத்தில் 406 மீட்டர். பரப்பளவில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி இதுதான்.

1905 நவம்பர் கடைசியில் வீசிய ஒரே புயலில் 29 கப்பல்கள் சேதமடைந்தன. அதன் விளைவாக, 130 அடி உயரச் செங்குத்துப் பாறையின் விளிம்பில் இந்தக் கலங்கரை விளக்கத்தைக் கட்டினார்கள். 1910இல் விளக்கு எரிந்தது. அப்போது இங்கே சாலை கிடையாது. செங்கல், இரும்பு, கண்ணாடி, ஆட்களுக்கான உணவு எல்லாமே படகில் வந்து, நீராவிப் பாரந்தூக்கியால் பாறை உச்சிக்கு ஏற்றப்பட்டன. 1969இல் கலங்கரை விளக்கம் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டது.

ஆனாலும் ஆண்டுதோறும் நவம்பர் 10 அன்று அந்த விளக்கை ஏற்றுகிறார்கள். 1975இல் அதே நாளில், தாது ஏற்றிச் சென்ற எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற கப்பல் சுப்பீரியரில் மூழ்கியது. அதில் இருந்த 29 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கீழே கூழாங்கல் கரைக்கு இறங்கி அங்கிருந்து மேலே அண்ணாந்து பார்த்தால்தான் இந்தப் பாறை ஒரு மாலுமிக்கு என்னவாக இருந்திருக்கும் என்று புரிகிறது. நேரம் குறைவாக இருந்தால் மேலே செலவிடும் நேரத்தைக் குறைத்துக்கொண்டாவது கீழே இறங்குங்கள்.

டெட்டகூஷ்: தீக்குழம்பு இருந்த இடம்

எனக்கு மிகவும் பிடித்த நடை டெட்டகூஷ் ஸ்டேட் பார்க்கில் இருக்கிறது. அங்கே ஷவல் பாயின்ட் என்று ஒரு பாறை முனை ஏரிக்குள் நீண்டிருக்கிறது. பாதை மரப்படிகளும் வேர்களுமாக ஏறி இறங்கும். ஒரு பக்கம் பிர்ச், மறுபக்கம் நேராகக் கீழே நீலத் தண்ணீர். அருகில் ஏரிக்குள் ஒரு பாறை வளைவு நின்றுகொண்டிருந்தது. 2010இல் அது இடிந்து விழுந்துவிட்டது. அலையும் பனிக்கட்டியும் இந்தக் கரையை இன்னும் செதுக்கி முடிக்கவில்லை.

“இந்தப் பாறை சிவப்பா இருக்குது, அங்க கீழ இருக்கறது கறுப்பா இருக்குதே?” என்று அப்பா கேட்டார். சரியான கேள்வி. சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்கக் கண்டம் நடுவில் பிளக்கத் தொடங்கியது. அந்தப் பிளவு வழியாகத் தீக்குழம்பு மேலும் மேலும் வழிந்து அடுக்கடுக்காக உறைந்தது. சிலிக்கா குறைந்து இளகி ஓடியது கறுப்புப் பசால்ட். சிலிக்கா மிகுந்து கெட்டியாக வந்தது சிவந்த ரயோலைட். பிளவு முழுமை பெறாமல் நின்றுபோனது. நின்றிருக்காவிட்டால் இங்கே ஒரு பெருங்கடல் வந்திருக்கும். குழம்பின் எடையில் நடுப்பகுதி அமிழ்ந்தது. வெகுகாலம் கழித்துப் பனிப்பாறைகள் அந்தத் தாழ்வைத் தோண்டி ஆழமாக்கின. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பனி விலகியபோது தண்ணீர் தங்கியது. அதுதான் இந்த ஏரி. ஆறுகள் ஏன் இத்தனை அருவிகளாக விழுகின்றன என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. கெட்டியான பாறை அடுக்குகளை அறுக்க ஆற்றுக்கு நேரம் போதவில்லை. பத்தாயிரம் ஆண்டு என்பது இந்தப் பாறைக்கு நேற்று.

இதே பார்க்கின் பாப்டிசம் ஆற்றில் ஹை ஃபால்ஸ் இருக்கிறது. சுமார் 60 அடி. முழுக்க மின்னசோட்டாவுக்குள் உள்ள அருவிகளில் உயரமானது. கேம்ப்கிரவுண்டிலிருந்து நடந்தே போய்விடலாம். பக்கத்தில் உள்ள பாலிசேட் ஹெட் என்ற உச்சிக்கு ஏறும் குறுகிய பாதை மோட்டார்ஹோமுக்கு ஏற்றதல்ல. ஷவல் பாயின்டிலிருந்தே அந்தச் செங்குத்துச் சுவர் முழுதாகத் தெரியும், நாங்கள் அதோடு நிறைவடைந்தோம்.

இரவில் கேம்ப்சைட்டின் இரும்பு வளையத்துக்குள் தீ மூட்டினோம். விறகைப் பார்க்கிலோ அனுமதி பெற்ற விற்பனையாளரிடமோ வாங்க வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுவரக் கூடாது. ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டு ஆஷ் மரங்களைப் பட்டைக்கு அடியில் குடைந்து கொன்றுகொண்டிருக்கிறது. விறகோடு விறகாக அதை ஊர் விட்டு ஊர் கடத்துவது மனிதர்கள்தான். கரடிகள் உள்ள காடு என்பதால் சாப்பாட்டுப் பொருள் ஒன்றையும் வெளியே விடாமல் வண்டிக்குள் பூட்டினோம். பத்து மணிக்குப் பார்க் முழுக்கச் சத்தம் அடங்கிவிடுகிறது. அது விதி, எல்லோரும் மதிக்கிறார்கள்.

டெம்பரன்ஸ், கேஸ்கேட்: நடப்பவர்களுக்கு

ஜார்ஜ் கிராஸ்பி மானிட்டூ பார்க் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. தங்குவதென்றால் முதுகில் சுமை ஏற்றி நடந்துதான் போக வேண்டும். அதனால் அதைக் கடந்து டெம்பரன்ஸ் ஆற்றுக்கு வந்தோம். இங்கே ஆறு மிகக் குறுகிய பாறை இடுக்கில் ஓடுகிறது. சில இடங்களில் சத்தம் மட்டுமே கேட்கும், தண்ணீரைத் தேட வேண்டும். சுழலில் மாட்டிய கற்கள் சுற்றிச் சுற்றிப் பாறையில் வட்டக் குழிகளைத் துளைத்திருக்கின்றன. குழந்தைகளைக் கையைப் பிடித்தபடி கூட்டிப் போங்கள். பாறை ஈரமாக இருந்தால் விளிம்புக்குப் போகவே வேண்டாம்.

கேஸ்கேட் ரிவர் பார்க்கில் அருவிகள் படிக்கட்டாக இறங்குகின்றன. ஆற்றின் இரு கரையிலும் பாதை, நடுவில் பாலங்கள். இந்தக் கரையின் பெரும்பாலான பார்க்குகளைக் கோத்துக்கொண்டு சுப்பீரியர் ஹைக்கிங் ட்ரெயில் போகிறது. விஸ்கான்சின் எல்லையிலிருந்து கனடா எல்லை வரை சுமார் 300 மைல். தன்னார்வலர்களின் உழைப்பால் பராமரிக்கப்படுவது. கட்டணமோ பெர்மிட்டோ கிடையாது. முழுதும் நடப்பவர்கள் உண்டு. எங்களைப் போல ஒரு பார்க்கிலிருந்து சில மைல் போய்த் திரும்புகிறவர்களும் உண்டு. மேடேறியதும் மேப்பிள் காடு முழுக்கச் சிவந்திருந்தது. செப்டம்பர் கடைசியில் உள்காட்டில் மேப்பிள் முதலில் நிறம் மாறும், அதன் பிறகு கரையோர பிர்ச்சும் ஆஸ்பனும் மஞ்சளாகும்.

மேக்னி: தண்ணீர் எங்கே போகிறது?

அப்பாவை இங்கே கூட்டிவர வேண்டும் என்று பல காலமாக நினைத்திருந்தேன். ஜட்ஜ் சி. ஆர். மேக்னி ஸ்டேட் பார்க்கில் புருல் ஆற்றை ஒட்டி ஒரு மைலுக்குச் சற்று மேல் நடக்க வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட மரப்படிகளில் இறங்க வேண்டும். அங்கே ஆறு ஒரு பாறையால் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி 50 அடி அருவியாக விழுந்து ஆறாகத் தொடர்கிறது. மறுபாதி ஒரு பெரிய குழிக்குள் இறங்குகிறது. இறங்கியது இறங்கியதுதான். வெளியே வரும் வழி கண்ணுக்குத் தெரியாது. டெவில்ஸ் கெட்டில் என்று பெயர்.

பல ஆண்டுகளாக மக்கள் இந்தக் குழிக்குள் மரக்கட்டை, பிங்பாங் பந்து, சாயம் என்று போட்டுப் பார்த்திருக்கிறார்கள். எதுவும் திரும்பி வரவில்லை என்று கதை வளர்ந்தது. தண்ணீர் சுப்பீரியருக்கு அடியில் போகிறது, கனடாவுக்குப் போகிறது என்றெல்லாம் பேசினார்கள்.

அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். குழியைவிட அதிகமாக, கீழே ஆறு போகும் அகலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்புச்சி, தண்ணி எங்க போகுது?” என்று மகள் கேட்டாள்.

“மேல எவ்வளவு வருது, கீழ எவ்வளவு போகுதுன்னு அளந்தா தெரிஞ்சிரும் சாமி.”

அதையேதான் செய்திருக்கிறார்கள். மின்னசோட்டாவின் இயற்கை வளத் துறை நீரியலாளர்கள் 2016 இலையுதிர் காலத்தில் அருவிக்கு மேலேயும் கீழேயும் ஆற்றின் ஓட்டத்தை அளந்தார்கள். மேலே வினாடிக்கு 123 கன அடி. கீழே 121 கன அடி. இந்த வித்தியாசம் அளவீட்டில் வரக்கூடிய வித்தியாசம்தான். குழிக்குள் போன தண்ணீர் சற்றுத் தள்ளி ஆற்றுக்கே திரும்பி வந்துவிடுகிறது என்று அர்த்தம். உள்ளே போட்ட பொருட்கள் வராததற்குக் காரணம், குழிக்குள் சுழலும் தண்ணீரின் பலம். அது எதையும் அடியிலேயே வைத்துச் சுழற்றி நொறுக்கிவிடும். மேலும், நிலத்தடியில் நெடுந்தூரம் ஓடும் குகைகள் சுண்ணாம்புப் பாறையில் உண்டாகும். ரயோலைட்டில் அப்படி உண்டாவதில்லை.

இதைச் சொன்னதும் அப்பாவின் முகத்தில் வந்த மலர்ச்சியை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. தினமும் காலையில் பேப்பரில் பவானிசாகர் அணைக்கு நீர்வரத்து எத்தனை கன அடி என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற செய்திக்குப் போவார். உலகத்தின் மறுமூலையில், காட்டுக்கு நடுவே, ஒரு கட்டுக்கதைக்கான பதில் அவருடைய அளவையிலேயே வந்திருக்கிறது. பேத்தியை ஒரு பாறையில் உட்கார வைத்து, ஆற்றை எப்படி அளப்பார்கள் என்று விளக்கத் தொடங்கினார். குறுக்கே ஒரு கயிறு கட்டுவார்கள். அகலத்தைப் பத்து, இருபது பட்டைகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பட்டையிலும் ஆழத்தைக் கோலால் அளப்பார்கள், வேகத்தைச் சுழலும் கருவியால் அளப்பார்கள். அகலத்தை ஆழத்தால் பெருக்கி, அதை வேகத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் அதுதான் ஆறு.

“எங்க வாய்க்கால்ல முழுசா விட்டா 2,300 கன அடி. அங்க ஒரு மடையில கொறஞ்சாலும் வெவசாயி வந்து கேட்டுப்போடுவான், எங்க போச்சுன்னு. பதில் சொல்லோணும். தண்ணி மாயமாப் போகாது சாமி. போச்சுன்னு சொன்னா யாரும் அளக்கலைன்னு அர்த்தம்.”

மகள் இன்றும் இதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

இந்தப் பார்க்குக்குப் பெயர் தந்த கிளாரன்ஸ் மேக்னியைப் பற்றியும் அங்கே பேசிக்கொண்டோம். டுலூத் மேயராகவும், பின்னர் மின்னசோட்டா உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தவர். இந்தக் கரையில் ஸ்டேட் பார்க்குகளும் சாலையோர ஓய்விடங்களுமாகச் சேர்த்துப் பதினொன்று உருவாக அவருடைய முயற்சி காரணமானது. ஏரிக்கரை நிலத்துக்கு விலை ஏறும், தனியார் வேலிகள் வரும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். அதற்கு முன்பே ஆற்று முகத்துவாரங்களைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று உழைத்தவர் அவர். அவர் இறந்த மறு ஆண்டு, 1963இல், இந்தப் பார்க்குக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

கிராண்ட் போர்டேஜ்: நிலம் யாருடையது?

கடைசிப் பார்க் கனடா எல்லையில். கிராண்ட் போர்டேஜில் கேம்ப்கிரவுண்ட் கிடையாது, பகலில் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். தளம் போட்ட பாதையிலும் மரப்பாதையிலும் அரை மைல் போனால் பிஜன் ஆற்றின் ஹை ஃபால்ஸ். 120 அடி. அருவிக்கு அந்தப் பக்கம் கனடா. சக்கர நாற்காலியில் வருபவர்களும் பார்க்கலாம், வயதான பெற்றோரைத் தயங்காமல் கூட்டி வரலாம்.

இந்தப் பார்க் இருக்கும் நிலம் மாநிலத்துக்குச் சொந்தமில்லை. இங்குள்ள பூர்வகுடிகளான ஓஜிப்வே மக்களின் கிராண்ட் போர்டேஜ் பேண்ட் என்ற குழுவுக்குச் சொந்தமானது. மாநிலம் அதைக் குத்தகைக்கு எடுத்து, 1989 முதல் அவர்களோடு சேர்ந்து நடத்துகிறது. இந்த வடகரையின் பெரும்பகுதி 1854இல் லா பாயின்ட் ஒப்பந்தத்தில் ஓஜிப்வே மக்கள் விட்டுக்கொடுத்த நிலம். வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் உள்ள உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை, அது இன்றும் அவர்களுக்கு உண்டு. அருவிகளால் படகு போக முடியாத இந்த ஆற்றைச் சுற்றிக்கொண்டு எட்டரை மைல் சுமை தூக்கி நடந்த பாதையும் அவர்கள் பயன்படுத்தியதுதான். பின்னர் தோல் வணிகத்துக்கு வந்தவர்கள் அதே பாதையில் தலைக்கு 90 பவுண்டு மூட்டைகள் இரண்டைச் சுமந்தார்கள். பொது நிலம் என்று நாம் மகிழ்ந்து நடக்கும்போது, அதற்கு முன் அது யாருடையதாக இருந்தது என்பதையும் தெரிந்துகொண்டு நடப்பதுதான் மரியாதை.

போக நினைப்பவர்களுக்கு

மின்னசோட்டா ஸ்டேட் பார்க் கேம்ப்சைட்டுகளை 120 நாட்களுக்கு முன்பிருந்து பதிவு செய்யலாம். வடகரைக்கு அன்றே செய்துவிடுவது நல்லது. பதிவு செய்யும்போது உங்கள் வண்டியின் நீளம் அந்த இடத்தில் அடங்குமா, மின் இணைப்பு உண்டா என்று பாருங்கள். கூஸ்பெரியிலும் மேக்னியிலும் மின்சாரம் இல்லை. டெட்டகூஷ், டெம்பரன்ஸ், கேஸ்கேட் மூன்றிலும் சில இடங்களுக்கு உண்டு. மின்சாரம் உள்ளதும் இல்லாததும் மாறி மாறி வரும்படி திட்டமிட்டால் பேட்டரி தாங்கும்.

வண்டி பெர்மிட் ஒரு நாளைக்கும் உண்டு, ஆண்டு முழுவதற்கும் உண்டு. ஆண்டு பெர்மிட்டையே வாங்குங்கள். ஜூனில் கொசுவும் கறுப்பு ஈயும் அதிகம். செப்டம்பர் சிறந்தது, ஆனால் இரவுக் குளிருக்குக் கம்பளி வேண்டும். கரையில் அகேட் கற்கள் அழகாகக் கிடக்கும். அது மாநிலத்தின் ரத்தினம். பார்க்குகளுக்குள் கல் எடுக்க அனுமதி இல்லை. குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பார்த்து ரசித்துத் திரும்ப வைத்துவிடுவார்கள்.

இதை எழுதியதற்கு ஒரே காரணம்தான். ஸ்டேட் பார்க் என்றால் நேஷனல் பார்க்குக்கு ஒரு படி கீழே என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. அது சரியில்லை. நேஷனல் பார்க்குக்கு வாழ்நாளில் சில முறை போவோம். ஸ்டேட் பார்க் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, குழந்தைகள் வளர வளரத் திரும்பத் திரும்பப் போகலாம், ஒரே ஆற்றை எல்லாப் பருவத்திலும் பார்க்கலாம். இவை தானாக வாய்த்தவை அல்ல. ஒரு மேயர் கேட்டுப் பெற்றார், மாதம் 30 டாலருக்கு இளைஞர்கள் கல் அடுக்கினார்கள், ஓஜிப்வே மக்கள் தங்கள் நிலத்தைத் திறந்துவிட்டார்கள், தன்னார்வலர்கள் இன்றும் பாதை வெட்டுகிறார்கள். நாம் வாங்கும் பெர்மிட்டும் வைக்கும் காலடியும் அதில் நம் பங்கு. ஆட்கள் வராத பார்க்குக்காக எந்தச் சட்டமன்றத்திலும் யாரும் எழுந்து பேச மாட்டார்கள்.

நீங்கள் நியூயார்க்கில் இருந்தால் வாட்கின்ஸ் கிளென், டெக்சாஸில் இருந்தால் பாலோ டூரோ கேன்யன். எந்த மாநிலத்திலும் ஒன்று இருக்கும். மோட்டார்ஹோம் கிடைத்தால் அதில் போங்கள், இல்லையென்றால் காரும் கூடாரமும் போதும். ஊரிலிருந்து பெற்றோர் வந்திருந்தால் அவர்களையும் ஷாப்பிங் மாலுக்கு மட்டும் கூட்டிப் போகாமல் இங்கே கூட்டி வாருங்கள். அவர்கள் வாழ்நாளெல்லாம் சேர்த்த அறிவுக்கு ஒரு ஆற்றங்கரையில்தான் வேலை வரும், பேரப்பிள்ளைகளுக்கு அது வேறெங்கும் கிடைக்காது.